வைஃபை கெட்ட நாள் ஒன்று, தெரிந்த நாள் வேறு

கேள்வி:

நான் மொரிசியஸில், காத்ர் போர்னில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிரான்சில் இருக்கும் தம்பி மகன் போன நவம்பரில் வந்தபோது தன் பழைய எச்பி லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று சொல்லி, அதற்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22.2 என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். முதலில் வைஃபை வரவில்லை. ஏதோ டிரைவர் போட்டான், வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. புயலுக்கு மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை கொடுத்த அன்று வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்து லேப்டாப்பைப் போட்டால் வைஃபை இல்லை. மெனுவில் அந்தச் சொல்லே இல்லை. கம்பி போட்டால் இன்டர்நெட் வருகிறது.

தம்பி மகன் ஃபோனில் சொல்லச் சொல்லச் சில கட்டளைகளைத் தட்டினேன். நாலு இடத்தில் தேடி எடுத்தது என்றான். ஒன்றும் ஆகவில்லை. கடையில் காட்டினால் திரையில் ஒரு வரியைக் காட்டி, "டிரைவர் இருக்கிறது, அப்படியென்றால் கார்ட்லா ஃபின் மோர்" என்கிறார். புயலில் கரண்ட் ஏறி இறங்கியதில் கார்டு செத்துப் போயிருக்குமாம். கார்டை மாற்றுவதா, வேறு கணினி வாங்குவதா? இன்னொரு சந்தேகம். என் ஃபோனில் வீட்டு வைஃபை இரண்டு பெயரில் தெரிகிறது. '5ஜி' என்று முடியும் பெயர் லேப்டாப்பில் ஒரு நாளும் தெரிந்ததில்லை. அதுவும் கார்டின் கோளாறா? கடைக்காரர் காட்டிய திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜனவரியில் ஒருநாள் அப்டேட் செய்தபோது 'பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்' என்று ஏதோ வந்தது. மற்றதெல்லாம் ஓடியதால் விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம். முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுகிறேன். கார்டும் வாங்க வேண்டாம், கணினியும் வாங்க வேண்டாம். உங்கள் கார்டு உயிரோடு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. சம்பந்தம் இருக்காது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

கடைக்காரர் தட்டிய கட்டளையைத் தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தாகத் தட்ட வேண்டும்: எல், எஸ், பி, சி, ஐ, ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, என், என், கே. நீங்கள் ஆசிரியை என்பதால் இது என்ன செய்கிறது என்று சொல்வது சுலபம். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோலத்தான். உள்ளே செருகியிருக்கும் ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு, "உள்ளேன்" என்று குரல் கொடுத்ததை மட்டும் பட்டியலில் எழுதும். உண்மையிலேயே கரண்ட் அடித்துச் செத்த கார்டு பெரும்பாலும் குரல் கொடுக்காது. அந்த வரியே பட்டியலில் இருக்காது. உங்கள் கார்டு தன் பெயரையும் சொல்லியிருக்கிறது, எண்ணையும் சொல்லியிருக்கிறது: பிராட்காம் பிசிஎம்43142, அடைப்புக்குறிக்குள் 14இ4:4365. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 14இ4 என்பது தயாரித்தவரின் அடையாளம், 4365 என்பது சிப்பின் அடையாளம். லேப்டாப்பின் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்களுக்கு நூறு விதமான ஆலோசனை கிடைக்கும், அதில் பாதி வேறு கார்டுக்கானதாக இருக்கும். ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு வருஷம் ஒரு கார்டு, அடுத்த வருஷம் வேறு கார்டு வைத்து விற்பார்கள். இந்த எண் மட்டும்தான் ஆள்மாறாட்டம் செய்யாது.

கடைக்காரரை ஏமாற்றியது அதற்குக் கீழே இருக்கும் வரி. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்: பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்' என்று இருக்கிறது. டிரைவர் என்றால் ஒரு கருவியை இயக்கும் மென்பொருள். அந்தச் சொல்லைப் பார்த்தார், டிரைவர் சரியாக இருக்கிறது, ஆக கார்டுதான் போய்விட்டது என்று கணக்குப் போட்டுவிட்டார். நியாயமான கணக்குதான், ஆனால் தப்பு. இந்த பிரிட்ஜ் வைஃபை டிரைவர் அல்ல. கார்டுக்குள் இருக்கும் பாகங்களை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அறிமுகப்படுத்தி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அலைவரிசை தேடுவது, பாஸ்வேர்டு கொடுத்து இணைவது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. கோயில் வாசலில் செருப்பு வாங்கி வைக்கிறவரைப் பார்த்துவிட்டு, குருக்கள் வந்துவிட்டார், பூஜை ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டதுபோல ஆகிவிட்டது. உங்கள் கார்டுக்கு வேண்டிய குருக்களின் பெயர் 'டபிள்யூஎல்'. அந்த வரியில் இருக்க வேண்டியது அந்த இரண்டு எழுத்துதான்.

அவர் எங்கே போனார்? இங்கேதான் ஜனவரி வருகிறது.

லினக்ஸில் பெரும்பாலான கார்டுகளுக்கு டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வரும். இன்டெல் கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவர் என்ற சொல்லையே கேட்காமல் காலத்தை ஓட்டிவிடலாம். பிராட்காம் கதை வேறு. பல வருஷம் அவர்கள் மூலநிரலைத் தராமல் மூடியே வைத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில்தான் முதல்முறையாகத் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டார்கள், அதுவும் சில சிப்புகளுக்கு மட்டும். 43142 அந்தப் பாக்கியம் பெறவில்லை. அதற்கு 'டபிள்யூஎல்' என்ற பழைய மூடிய டிரைவர்தான் கதி. பிராட்காம் அதைக் கடைசியாகத் தொட்டது 2015-இல். அதற்கப்புறம் கெர்னல் எத்தனையோ தடவை மாறிவிட்டது. டிரைவரின் நடு வயிறு திறக்க முடியாத பெட்டி. அதைச் சுற்றி மெல்லிய உறைபோல இருக்கும் பகுதியை மட்டும் உபுண்டு, டெபியன் என்ற மற்ற லினக்ஸ் வகைக்காரர்கள் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். இந்த டிரைவர் கெர்னலுக்குள் இல்லாததால், புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே அதைப் புதிதாகத் தைத்துக்கொள்ள வேண்டும். தையல்காரரின் பெயர் டிகேஎம்எஸ். புதுக் கெர்னல் என்ற உடம்புக்குப் பழைய துணி பற்றவில்லை என்றால் அவர் சொல்வதுதான் 'பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்'. தைக்க முடியவில்லை என்று அர்த்தம். புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குச் சட்டை இல்லை.

அன்றைக்கே வைஃபை போயிருந்தால் நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள். போகவில்லை. ஏனென்றால் கெர்னல் அப்டேட் இறங்கிய அன்று எதுவும் மாறாது. கணினியை முழுசாக அணைத்துப் போடும் வரை பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். நீங்களும் எல்லோரையும்போல வேலை முடிந்ததும் மூடியை மட்டும் சாத்திவிட்டு, மறுநாள் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பீர்கள். அது அணைப்பதில்லை, தூங்கவைப்பது. அப்புறம் எச்சரிக்கை வந்தது, முதல்முறையாக முழுசாக அணைத்தீர்கள். திரும்பப் போட்டபோது ஜனவரியிலிருந்து காத்திருந்த புதுக் கெர்னல் எழுந்து வந்தது. புயல் செய்ததெல்லாம் உங்கள் கையால் பவர் பட்டனை அழுத்தவைத்தது மட்டும்தான்.

எங்கள் வேலையில் இது வாரம் ஒருமுறை வரும் வழக்கு. எபேனில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். யார் வந்தாலும், "நேற்று வரைக்கும் நன்றாக இருந்தது, நான் எதையும் தொடவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது முழுசாக அணைத்தீர்கள் என்றுதான் கேட்பது. அந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் எது வந்து உட்கார்ந்தாலும் அதன் மேல் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, தம்பி மகனுக்கு வருவோம். அவரைத் திட்டாதீர்கள். ஆனால் அவர் சொன்ன கட்டளைகளில் 'பர்ஜ்' (வேரோடு நீக்கு) என்ற சொல் வந்த வரி ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். பிராட்காம் கார்டுகளுக்கு இரண்டு குலம் உண்டு. ஒன்று நான் சொன்ன டபிள்யூஎல். மற்றது 'பி43', ஆர்வலர்கள் சிப்பைக் குடைந்து பார்த்து எழுதிய திறந்த டிரைவர், பழைய கார்டுகளுக்கு அருமையானது. பி43-க்கு உங்கள் கார்டைத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதால், பி43 போடச் சொல்லும் ஆலோசனை எல்லாம் முதலில் டபிள்யூஎல்-ஐ வழித்துப் போடச் சொல்லும். இது என் ஊகம் மட்டும் இல்லை. டபிள்யூஎல் பேக்கேஜ் இருக்கும் வரை, அந்த பிரிட்ஜ் வாசலில் வந்து நிற்காதபடி ஒரு தடை உத்தரவையும் அதுவே போட்டு வைத்திருக்கும். உங்கள் படத்தில் பிரிட்ஜ் சாவகாசமாக நிற்கிறது. தடை உத்தரவு போய்விட்டது என்றால் பேக்கேஜும் போய்விட்டது. ஆக உங்களுக்கு இப்போது இரண்டு கோளாறு. கெர்னலுக்கு டிரைவர் பொருந்தாதது ஒன்று. அதைச் சரிசெய்யப் போய் டிரைவரையே நீக்கியது இன்னொன்று.

இனி வேலையை ஆரம்பிக்கலாம். கம்பி போட்டால் இன்டர்நெட் வருவது உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். (கம்பித் துளையே இல்லாத லேப்டாப் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள், ஃபோனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, ஃபோனின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். ஃபோனில் இருக்கும் இன்டர்நெட் கம்பி வழியாகக் கணினிக்கு வந்துவிடும், மிண்ட் அதற்கு எந்த டிரைவரும் கேட்காது. வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேண்டும் என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டியதில்லை.)

கம்பியைச் செருகிவிட்டு மெனுவில் அப்டேட் மேனேஜரைத் திறங்கள். மேலே 'வியூ' என்பதில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்று இருக்கும். ஓர் எச்சரிக்கை காட்டும், தொடருங்கள். இப்போது எந்த எண்ணில் ஓடுகிறீர்கள், வேறு எவையெல்லாம் இருக்கின்றன என்று அந்தச் சாளரம் சொல்லும். மிண்ட் 22.2 வந்தபோது அதோடு வந்தது 6.14. நான் உங்களுக்குச் சொல்வது அதைவிடப் பழைய 6.8 வரிசை. மிண்ட் 22 முதலில் வந்தது அதோடுதான். பழசு என்றதும் தயங்க வேண்டாம். அந்த வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். பத்து வருஷம் தாண்டிய லேப்டாப்புக்குப் புதுக் கெர்னலால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தம்புதுக் கருவி வாங்கியவர்களுக்குத்தான் அது தேவை. 6.8 வரிசையில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்து இன்ஸ்டால் கொடுங்கள்.

அடுத்த படியில்தான் நிறைய பேர் இடறுவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 6.8-ஐப் போட்டுவிட்டீர்கள் என்பதற்காகக் கணினி அதில் எழுந்துவிடாது. எது பெரிய எண்ணோ அதைத்தான் தானாக எடுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்து, எச்பி சின்னம் தெரிந்து மறையும் அந்த நொடியில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். சின்னம் இருக்கும்போதே தட்டினால் எச்பியின் சொந்த மெனு வந்து நிற்கும். அவசரத்தில் இரண்டு மூன்று முறை தட்டினால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று ஒரு சொல்லும் மினுக்கும் கோடும் மட்டும் இருக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி முயலுங்கள். எனக்கே மூன்றாவது தடவைதான் வாய்க்கும். சரியாகத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் எல்லாக் கெர்னலும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ரிகவரி மோட்' என்று ஒரு நிழலும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். 6.8 என்று தொடங்கும் சாதாரண வரியைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வந்ததும் மெனுவில் டிரைவர் மேனேஜர். கம்பி செருகியே இருக்கட்டும். பிராட்காம் என்ற பெயருக்கு நேரே ஒரு டிரைவரைக் காட்டும், அதைத் தேர்ந்து 'அப்ளை' கொடுங்கள். தையல் வேலை நடக்கும், இந்த லேப்டாப்பில் ஐந்தாறு நிமிஷம் ஆகலாம். கட்டளைகள் வேண்டாம். ஏற்கெனவே தட்டியதே போதும்.

இந்த இடத்தில் ஒருவேளை, ஒருவேளைதான், ஒரு பெட்டி வந்து 'செக்யூர் பூட்' என்று சொல்லி உங்களைப் புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். கணினி கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடக்கூடாது என்ற காவல் ஆன் ஆகியிருந்தால் இது வரும். பாஸ்வேர்டு வைத்து ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையைத் தட்டச் சொல்லிப் பத்து நொடி மட்டும் காத்திருக்கும். டீ எடுக்கப் போய்விடாதீர்கள். தவறவிட்டால் சத்தமில்லாமல் கடந்து போய்விடும், டிரைவர் இருந்தும் வைஃபை வராது. தட்டினால் வரும் பட்டியலில் 'என்ரோல் மோக்', அப்புறம் 'கன்டினியூ', அப்புறம் 'யெஸ்', அப்புறம் அந்தப் பாஸ்வேர்டு, கடைசியில் 'ரீபூட்'.

உங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிரான்சிலிருந்து வந்த லேப்டாப் என்றால் விசைப்பலகை அனேகமாக அசெர்ட்டியாக இருக்கும், முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். மிண்டுக்கு அது தெரியும். அந்த நீலத் திரைக்குத் தெரியாது. அது எல்லா விசைப்பலகையையும் அமெரிக்க க்வெர்ட்டி என்றே நினைக்கும். நீங்கள் ஏ என்று தட்டினால் அது கியூ என்று எழுதிக்கொள்ளும், திரையில் எழுத்தும் தெரியாது. மூன்று முறை தட்டி, மூன்று முறையும் தவறு என்று சொல்லும்போது யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். அதனால் அந்தப் பாஸ்வேர்டில் ஏ, கியூ, இசட், டபிள்யூ, எம் ஆகிய ஐந்து எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். மற்ற எழுத்துகளில் எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவைதான் அது தேவைப்படும்.

மறுபடி எஸ்கேப், மறுபடி 6.8. இந்தத் தடவை மெனுவில் வீட்டு வைஃபை பெயர் இருக்க வேண்டும். இருந்தால் அதே கெர்னல் சாளரத்துக்குப் போய், 6.8-ஐ விடப் பெரிய எண்களை நீக்கிவிடுங்கள். மென்பொருள்களைப் போடவும் நீக்கவும் உதவும் சினாப்டிக்கைத் திறந்து 'லினக்ஸ்-ஜெனரிக்' என்று தேடுங்கள். பெயரின் வாலில் 'எச்டபிள்யூஇ' என்று இருக்கும் ஒன்று போட்டிருந்தால் அதை நீக்கி, வால் இல்லாத 'லினக்ஸ்-ஜெனரிக்' இருக்கும்படி செய்யுங்கள். அந்த வால் இருக்கும் வரை புதுக் கெர்னல் வரிசை கொல்லைப்புறமாக வந்துகொண்டே இருக்கும், நாலு மாதம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மிகவும் உதவியது. சொல் இருந்து, ஆனால் அணைந்து கிடந்தால் நோய் வேறு. அப்போது டிரைவர் நன்றாகத்தான் இருக்கும், ரேடியோவைப் பூட்டி வைத்திருப்பார்கள். சில வருஷம் முன்பு காவடி சமயத்தில் ஒரு கோயில் அலுவலகத்தில் ரசீது அடிக்கும் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். பெரிய நிபுணராகப் போய் உட்கார்ந்து, டிரைவரைக் கழற்றி மாட்டி ஒன்றரை மணி நேரம் போக்கினேன். பால்குடத்துக்காகக் காத்திருந்த பையன் ஒருவன் வந்து, லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த குட்டி ஸ்விட்சைத் தள்ளிவிட்டுப் போனான். அன்றிலிருந்து, வைஃபை என்ற சொல் மெனுவில் இருந்தால் முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்றுதான் தட்டுகிறேன். சாஃப்ட் என்பதற்கு நேரே 'யெஸ்' என்றால் மென்பொருள் பூட்டியிருக்கிறது, ஹார்ட் என்றால் எங்கோ ஒரு ஸ்விட்ச் அல்லது விமானப் படம் போட்ட விசை. உங்கள் லேப்டாப்பிலும் மேல் வரிசையில் அந்த விசை இருக்கும், தூசு துடைக்கும்போது கைபட வாய்ப்புண்டு.

இப்போது அந்த '5ஜி' பெயர். இது கோளாறே இல்லை. பிசிஎம்43142 கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் ரவுட்டர் அதன் காதில் விழாது. எந்த டிரைவர் போட்டாலும், எந்தக் கெர்னல் போட்டாலும் அந்தப் பெயர் தெரியப்போவதில்லை. (பெயரில் இருக்கும் 5ஜி-க்கும் ஃபோன் கம்பெனி விற்கும் 5ஜி-க்கும் உறவு எதுவுமில்லை. இந்தக் குழப்பத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.)

நீங்கள் இதற்காக வருத்தப்படவும் வேண்டாம். நம் ஊர் வீடுகளுக்கு 2.4 தான் தோது. 1960-இல் ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று இரண்டு புயல் அடுத்தடுத்து வந்து மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போன பிறகுதான் மொரிசியஸ் முழுக்க கான்கிரீட்டுக்கு மாறியது. சுவரும் கான்கிரீட், மேலே தாலும் (கூரைத் தளம்) கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி. புயலைத் தடுக்கும் அதே தால் வைஃபையையும் தடுக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சலோனில் இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடி அறை வரை தட்டுத் தடுமாறியாவது வந்து சேரும். பாடம் தயாரிக்கவும் பள்ளிக்கு மெயில் அனுப்பவும் அது தாராளம்.

ரவுட்டரில் மட்டும் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். 2.4-க்கு சேனல் எண்ணைத் தானியங்கியாக விட்டிருந்தால் அது 12, 13 என்று போய் உட்காரலாம். அமெரிக்கக் கணக்கில் அமைத்த கார்டு 11-க்கு மேல் தேடாது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை நிலையாகப் போட்டுவிடுங்கள், எது கூட்டம் குறைவோ அது. இரண்டாவது, பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று ரவுட்டரில் வைத்திருந்தால் உங்கள் டிரைவருக்கு அது புரியாது. சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். 2.4 பெயருக்கு டபிள்யூபிஏ2 போதும்.

இத்தனைக்கும் பிறகு டிரைவர் மேனேஜர் அடம்பிடித்தால், அப்போதும் கணினி வாங்க வேண்டாம். விரல் நகம் அளவு யுஎஸ்பி வைஃபை ஒன்று போதும். வாங்கும்போது பெட்டிமேல் லினக்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். ஏதெரோஸ் ஏஆர்9271, மீடியாடெக் எம்டி7601யூ, எம்டி7612யூ, இவற்றுக்கெல்லாம் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தையல்காரர் வேண்டாம். எம்டி7612யூ என்றால் உங்கள் '5ஜி' பெயரும் தெரியும். ஒரே பெயரில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று விற்பார்கள், வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பும் மாறியிருக்கும், ஜாக்கிரதை. லேப்டாப்பின் உள்ளே இருக்கும் கார்டை மாற்றச் சொன்ன யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்தக் காலத்து எச்பிகளில் சில, கம்பெனி பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் எழவே மறுக்கும். கார்டுக்கும் காசு, கழற்றி மாட்டியதற்கும் காசு, கடைசியில் பழையதையே திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் முதலில் சொன்ன அந்தக் கட்டளையை இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். 'டிரைவர் இன் யூஸ்' வரியில் பிரிட்ஜ் போய் டபிள்யூஎல் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அந்தத் திரையையும், டிரைவர் மேனேஜர் கடைசியாகச் சொன்ன வரியையும் படமெடுத்து அனுப்புங்கள். தம்பி மகனிடம் கேட்டு, அன்று ஃபோனில் சொன்ன கட்டளைகளையும் அப்படியே எழுதி வாங்கி அனுப்பினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.